நாவை முந்தும் கை

குழந்தையின் முதற்சொல் பெரும்பாலும் அதன் முதல் பிறந்தநாளை ஒட்டியே வெளிப்படுகிறது என்றாலும், சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் அதற்குப் பல மாதங்கள் முன்பே அரும்பிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான எலிகா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆறு முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்குத் திரையில் படங்களைக் காட்டி, அவற்றுள் ஒன்றின் பெயரைப் பெற்றோர் சொன்னபோது, பெயர் சொல்லப்பட்ட படத்தின் பக்கமே குழந்தைகளின் பார்வை கூடுதலாகச் சென்றது. உணவுப் பொருள்கள் சிலவற்றின் பெயர்களும் உடலுறுப்புகளின் பெயர்களும் அந்த வயதிலேயே அவற்றுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தன என்பதை அது காட்டியது. ஆகவே, தனக்கு வேண்டியது இன்னதென்று அறிந்தும் அதைச் சொல்ல வாய் கூடாத ஒரு காலம் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு. அந்தக் காலத்தில் அழுகையும் முனகலும் கையை நீட்டிச் சிணுங்குவதுமே அதன் கருவிகள்.

வாய் பின்தங்குவதற்கு உடலமைப்பும் ஒரு காரணம். கைக்குழந்தையின் நாக்கு வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, குரல்வளை பெரியவர்களுக்கு இருப்பதைவிட மேலே அமைந்திருக்கிறது, மூச்சையும் உதட்டையும் நாக்கையும் அண்ணத்தையும் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒத்திசைத்து இயக்கினால்தான் ஒரு சொல் சொல்லாக வெளிப்படும். கையின் நிலை வேறு. எட்டு, ஒன்பது மாதத்துக் குழந்தை கைதட்டவும் கையசைக்கவும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சிறு பொருளைப் பற்றவும் தொடங்கிவிடுகிறது. அதோடு தன் கை என்ன செய்கிறது என்பதைக் குழந்தை கண்ணால் காணலாம், பெரியவர்கள் அந்தக் கையைப் பிடித்துப் பழக்கலாம். நாக்கின் விஷயத்தில் இவ்விரண்டுக்கும் வழியில்லை. காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும், அது பேசத் தொடங்குமுன், பால், சோறு, இன்னும் வேண்டும், போதும் முதலான சில பொருள்களைக் குறிக்கக் கையடையாளங்களைக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் இந்த வேறுபாட்டின் மேல்தான் எழுந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது வகுப்புகளும் புத்தகங்களும் படத்தட்டைகளுமாகப் பெருகி ஒரு வணிகமாகவும் ஆனது.

யாரும் கற்பிக்காமலேயே குழந்தையின் கை பேசத் தொடங்கிவிடுகிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கையிலுள்ள பொருளைத் தூக்கிக் காட்டுவதும், பின்னர் கொடுப்பதும், ஓராண்டை நெருங்கும்போது விரலால் சுட்டுவதும் பெரும்பாலான குழந்தைகளிடம் இயல்பாகத் தோன்றுகின்றன. எலிசபெத் பேட்ஸும் அவருடைய இத்தாலிய உடனாய்வாளர்களும் 1970களில் இந்தச் சுட்டுதலை இரண்டாகப் பிரித்துக் காட்டினர். பொம்மையைச் சுட்டி அதை எடுத்துத் தரும்படி கேட்பது ஒன்று. பறந்து செல்லும் காகத்தைச் சுட்டி, எதையும் கேளாமல், ‘நீயும் பார்’ என்று மற்றவரின் கவனத்தை மட்டும் அழைப்பது மற்றொன்று. இரண்டாவது வகையே மொழிக்கு நெருக்கமானது, ஏனெனில் அதில் குழந்தை பெறுவது பொருளையன்று, இன்னொருவரின் மனத்தை. பிள்ளைத்தமிழ் வகுத்த பத்துப் பருவங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்திலும், நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தை அதற்கு ஆறேழு மாதம் பின்னரும் வைத்த புலவர்கள், ஆய்வுக்கூடம் எதுவுமின்றி இதே வரிசையைக் கண்டிருந்தனர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கும்பிடக் கற்பதும் டாட்டா காட்டுவதும் நிலவுக்குக் கைநீட்டுவதும் தமிழ் வீடுகளில் இன்றும் முதலாண்டின் பாடங்களே.

இந்த இயல்பான சைகைகளை ஒரு முறையாக வளர்க்கலாம் என்று முதலில் விரிவாக எழுதியவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர்களான லிண்டா அக்ரடோலோவும் சூசன் குட்வினும் ஆவர். 1980களின் தொடக்கத்தில் அக்ரடோலோவின் ஒரு வயது மகள், பூவைக் கண்டபோதெல்லாம் மூக்கைச் சுருக்கி மோந்து பார்ப்பதுபோல் காட்டலானாள். மீனுக்கு அவள் கண்ட அடையாளம் வாயால் ஊதுவது, காரணம் தொட்டிலுக்கு மேல் தொங்கிய மீன் பொம்மைகளை அவளுடைய தாய் ஊதி ஆட்டிக் காட்டுவது வழக்கம். யாரும் திட்டமிட்டுச் சொல்லித்தராத இவ்வடையாளங்களைக் குழந்தை பெயர்ச்சொற்களைப்போலவே பயன்படுத்தியது. பூ எங்கிருந்தாலும், படத்தில் இருந்தாலும், அதே மோத்தல்தான். மற்றக் குழந்தைகளையும் கவனித்த இருவரும், இத்தகைய ‘குறியீட்டுச் சைகைகள்’, அதாவது ஒரு பொருளை நேராகச் சுட்டாமல் அதற்குப் பதிலாக நிற்கும் அசைவுகள், வழக்கமாக வளரும் குழந்தைகள் பலரிடமும் தோன்றுகின்றன என்று 1988இல் எழுதினர். 1996இல் பெற்றோருக்கென ஒரு நூலும் வெளியிட்டனர்.

அவர்கள் முறையில் எந்த அசைவையும் ஒரு குடும்பம் தனக்கென உருவாக்கிக்கொள்ளலாம். அதே காலத்தில் இன்னொரு வழியும் கிளம்பியது. காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த, காதுகேட்கும் குழந்தைகள் மிகச் சிறு வயதிலேயே கையால் உரையாடுவதைக் கண்ட ஜோசஃப் கார்சியா என்பவர், புதிதாக உருவாக்குவதைவிட அமெரிக்கச் சைகை மொழியின் சொற்களையே எடுத்துக் கையாளலாம் என்று பரிந்துரைத்தார். இன்று உலகில் பரவலாகக் காணப்படும் அடையாளங்கள் பெரும்பாலும் இவ்வழி வந்தவை: கையை முட்டியாக மூடி மூடித் திறந்தால் பால், இரு கைகளின் விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டினால் இன்னும் வேண்டும், குவித்த விரல்களை உதட்டருகே கொண்டுசென்றால் உணவு. 2004இல் வெளிவந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஒன்றில் கைக்குழந்தை இவ்வாறு சைகை செய்வதாகக் காட்டப்பட்டது, இந்தப் பழக்கம் எவ்வளவு பொதுமக்கள் அறிந்த ஒன்றாகிவிட்டது என்பதற்குச் சான்று.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்காவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. இருபது முப்பது கையடையாளங்களைக் கற்ற குழந்தை சைகை மொழியைக் கற்றுவிடவில்லை. சைகை மொழி என்பது காதுகேளாதோர் சமுதாயங்களில் தலைமுறைகளாக வளர்ந்த, தனக்கென இலக்கணமுடைய முழு மொழி. கைவடிவம், கை நிற்கும் இடம், அசைவு ஆகியவை பேச்சுமொழியின் ஒலியன்களைப்போல் இணைந்து சொற்களை ஆக்குகின்றன என்று வில்லியம் ஸ்டோக்கி 1960இல் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து நிறுவினார். அதற்கு முன்பு, குறிப்பாக 1880ஆம் ஆண்டின் மிலான் மாநாடு காதுகேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சே முதன்மை என்று தீர்மானித்ததிலிருந்து, பல நாடுகளின் பள்ளிகளில் சைகை ஒடுக்கப்பட்டே வந்தது. உலகெங்கும் ஒரே சைகை மொழி வழங்குவதும் இல்லை. ஆங்கிலம் பேசும் பிரிட்டனின் சைகை மொழியும் அமெரிக்கச் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று விளங்காதவை. இந்தியச் சைகை மொழி இவ்விரண்டிலிருந்தும் வேறானது.

காதுகேளாத பெற்றோரின் மடியில் வளரும் குழந்தை இந்த முழு மொழியை எப்படிப் பெறுகிறது என்பதே இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. வணிக வகுப்புகள் தொடுவதே இல்லாத பகுதியும் இதுவே. பேச்சைக் கேட்டு வளரும் குழந்தை ஏழாம் மாத வாக்கில் ‘பபப’, ‘மமம’ என்று பொருளற்ற அசைகளை அடுக்குவதுபோலச் சைகையைக் கண்டு வளரும் காதுகேளாத குழந்தைகள் கையால் மழலை பேசுகின்றன என்று லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மரென்டெட்டும் 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். பத்தாண்டுகளுக்குப் பின் பெட்டிட்டோவின் குழுவினர், காதுகேட்கும் குழந்தைகளிலேயே இரு வகையினரின் கையசைவுகளைக் கருவிகளால் அளந்தபோது, காதுகேளாத பெற்றோரிடம் சைகையைக் கண்டு வளர்ந்தவர்களிடம் மட்டும், வழக்கமான வேகமான கையாட்டத்தோடு, நொடிக்கு ஏறத்தாழ ஒன்று என்னும் மெதுவான தாளத்தில் அமைந்த தனி வகை அசைவு காணப்பட்டது. ஆய்வில் இருந்த குழந்தைகள் மிகச் சிலரே என்றாலும், மனித மூளை மொழியை ஒலியில் மட்டுமே தேடுவதில்லை என்னும் முடிவுக்கு அது வலுச் சேர்த்தது.

இதைவிட வியப்பானது ‘நான்’, ‘நீ’ பற்றியது. அமெரிக்கச் சைகை மொழியில் ‘நான்’ என்பதற்குத் தன்னைச் சுட்டவேண்டும், ‘நீ’ என்பதற்கு எதிரில் இருப்பவரைச் சுட்டவேண்டும். இதைவிட எளிய சொல் எந்த மொழியிலும் இருக்க முடியாது என்றே தோன்றும். ஆனால் பெட்டிட்டோ தொடர்ந்து கவனித்த காதுகேளாத குழந்தைகள் இருவரும், பத்தாம் மாதத்தில் மனிதர்களை நன்றாகச் சுட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பல மாதங்களுக்கு அவ்வாறு சுட்டுவதையே நிறுத்தினர். அதன்பின் மீண்டும் தொடங்கும்போது, பேசும் குழந்தைகள் ‘நீ’ என்று சொல்லித் தம்மையே குறித்துக்கொள்வதுபோல, எதிரில் இருப்பவரைச் சுட்டித் தம்மைக் குறித்த பிழையும் காணப்பட்டது. வெறும் சுட்டுதலாக இருந்தது இடையில் எங்கோ மொழியின் சொல்லாக மாறிவிட்டது, சொல்லான பின் அதற்குச் சொல்லின் சிக்கல்களும் வந்து சேர்ந்தன என்பதே இதற்குத் தரப்பட்ட விளக்கம்.

காதுகேளாத தாய்மார் தம் குழந்தைகளோடு உரையாடும் முறையும் கற்கத்தக்கது. பேசும் தாய் குரலை உயர்த்தி இழுத்துக் கொஞ்சுவதுபோல அவர்கள் சைகையைப் பெரிதாக்கி, மெதுவாக்கி, பலமுறை திருப்பிச் செய்கின்றனர். குழந்தை ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் முகத்தைத் தம் பக்கம் திருப்பாமல், கையைப் பொம்மைக்கும் குழந்தையின் கண்ணுக்கும் இடையில் கொண்டுபோய் அங்கே சொல்லைச் செய்கின்றனர். சில வேளைகளில் குழந்தையின் உடல்மீதே சைகையைப் பதிக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கின்றனர், ஏனெனில் பாராத குழந்தைக்குச் சைகை போய்ச் சேராது. காதுகேட்கும் பெற்றோருக்கு இந்தக் காத்திருப்பு எளிதில் வருவதில்லை. அவர்கள் குழந்தை எங்கே பார்த்தாலும் பேசிக்கொண்டே போகலாம் என்று பழகியவர்கள்.

இப்படி வளரும் குழந்தைகள் முதற்சொல்லை எப்போது வெளிப்படுத்துகின்றன என்பதில்தான் குழந்தைச் சைகை வணிகத்தின் ஆதார வாதம் அடங்கியிருக்கிறது. காதுகேளாத பெற்றோரின் குழந்தைகள் சராசரியாக எட்டரை மாதத்திலேயே முதற்சைகையைச் செய்தனர் என்று ஜான் பொன்வில்லியனும் உடனிருந்தோரும் 1983இல் எழுதினர். பேச்சில் முதற்சொல் பன்னிரண்டாம் மாத வாக்கில் வருவதால், கை நாவை மூன்று மாதத்துக்கு மேல் முந்துகிறது என்பது அதன் பொருள். ஆனால் எட்டரை மாதத்தில் கை குவிவதைச் சொல்லாகக் கொள்வதா, எல்லாக் குழந்தைகளும் செய்யும் சைகையாகக் கொள்வதா என்னும் வினாவைப் பிற ஆய்வாளர்கள் எழுப்பினர். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் கட்டத்துக்கு வரும்போது, கைமொழிக் குழந்தையும் வாய்மொழிக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே வயதில் நிற்கின்றனர். அதாவது கையால் கிடைக்கும் முன்தொடக்கம் உண்மையானால்கூட அது முதற்சொற்களின் அளவிலேயே நின்றுவிடுகிறது. இலக்கணம் எந்த வாயில் வழியாக வந்தாலும் அதற்குரிய காலத்தில்தான் வருகிறது.

வணிகம் சொன்னது இதைவிடப் பெரிது. சைகை கற்ற குழந்தை விரைவில் பேசும், சொல்வளம் பெருகும், அறிவுத்திறன் கூடும் என்பவை விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வந்த வாக்குறுதிகள். அறிவுத்திறன் பற்றிய வாக்குறுதிக்கு ஊற்று எதுவென்று தேடினால், அக்ரடோலோவும் குட்வினும் 2000ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டில் படித்த கட்டுரையில் போய் முடிகிறது. சிறுவயதில் சைகைப் பயிற்சி பெற்றவர்கள் எட்டு வயதில் அறிவுத்திறன் அளவீட்டில் சராசரியாக 114 புள்ளியும், பயிற்சி பெறாதவர்கள் 102 புள்ளியும் பெற்றனர் என்று அக்கட்டுரை சொன்னது. இந்தப் பன்னிரண்டு புள்ளி வேறுபாடு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது, ஆனால் துறையறிஞர்களின் சரிபார்ப்புக்கு உட்பட்ட இதழ்க் கட்டுரையாக அது வெளிவரவில்லை. இதழில் வெளிவந்தது அதே ஆண்டின் இன்னொரு கட்டுரை. பதினொரு மாதத்துக் குழந்தைகள் 103 பேரை, சைகை கற்பிக்கப்பட்டவர்கள், சொற்களை மட்டும் கூடுதலாகக் கேட்டவர்கள், எதுவும் மாற்றப்படாதவர்கள் என மூன்றாகப் பிரித்து மூன்று வயதுவரை தொடர்ந்த அந்த ஆய்வில், இரண்டு வயதுக்குட்பட்ட சில அளவீடுகளில் சைகைக் குழு முந்தியிருந்தது. அதற்குப் பின் அந்த முன்னிலை மங்கிவிட்டது. விளம்பரங்கள் முதற்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டன.

2005இல் கனடாவைச் சேர்ந்த ஜான்ஸ்டன், டியூரியோ ஸ்மித், புளூம் ஆகிய மூவரும் அதுவரை வெளிவந்தவற்றில் தகுதியுடைய பதினேழு ஆய்வுகளை ஒருசேர எடைபோட்டு, அவற்றின் முறைகளில் குறைகள் மிகுந்திருப்பதால் சைகைப் பயிற்சி மொழி வளர்ச்சியைத் தூண்டுகிறது என்னும் கூற்றை அவை தாங்கவில்லை என்று முடிவு கூறினர். சைகை வகுப்புக்குக் குழந்தையைக் கூட்டிச்செல்லும் பெற்றோர் ஏற்கெனவே படித்தவர்களாகவும், குழந்தையோடு மிகுதியாகப் பேசுபவர்களாகவும், நேரமும் பணமும் உடையவர்களாகவும் இருப்பது இயல்பு; அவர்களின் குழந்தைகள் சொல்வளத்தில் சிறந்திருந்தால் அதைச் சைகையின் கணக்கில் எழுதுவதா, வீட்டின் கணக்கில் எழுதுவதா என்பது தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத் தாய்மாரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கவேண்டும். பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கிர்க்கும் அவருடைய குழுவினரும் அதைச் செய்து 2013இல் முடிவை வெளியிட்டனர். நாற்பது தாய்களையும் குழந்தைகளையும் எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம்வரை தொடர்ந்தபோது, பிரிட்டிஷ் சைகை மொழிச் சொற்களைக் கற்ற குழு, பொதுவான சைகைகளைக் கற்ற குழு, சொல்லை மட்டும் கேட்ட குழு, எதுவும் பெறாத குழு ஆகிய நான்கிலும் குழந்தைகளின் மொழி வளர்ச்சி ஒன்றுபோலவே இருந்தது.

ஆனால் அதே ஆய்வில் தாய்மாரிடம் ஒரு மாற்றம் தென்பட்டது. சைகை பழகிய குழுவினர் குழந்தையின் பேச்சற்ற குறிப்புகளுக்குக் கூடுதலாக மறுமொழி தந்தனர், குழந்தை தானாகச் செய்யட்டும் என்று கூடுதலாக இடம் விட்டனர். குழந்தையின் கையில் ஏதோ பொருள் இருக்கக்கூடும் என்று எதிர்பார்த்துக் கவனிக்கும் பெரியவரின் கண் கூர்மையடைகிறது என்பதே இதற்கு ஏற்புடைய விளக்கமாகத் தோன்றுகிறது. இந்தப் பழக்கத்தின் நம்பத்தக்க பயன் ஒன்று உண்டென்றால் அது குழந்தையின் நாவிலன்று, தாயின் பார்வையிலேயே விளைகிறது எனலாம். மறுபுறம், கிர்க் இடம்பெற்ற மற்றோர் ஆய்வு 2011இல், சைகை வகுப்புகளுக்குச் செல்லும் தாய்மாரிடம் குழந்தை வளர்ப்பைப் பற்றிய மன அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்டது. கவலையுடையவர்களே வகுப்புகளை நாடுகின்றனர் என்றும் இதைப் படிக்கலாம். எப்படிப் படித்தாலும், குழந்தை இன்னும் ஒரு சைகைகூடச் செய்யவில்லையே என்று ஏங்குவதற்கு ஒரு புதிய காரணத்தைத் தாய்மாருக்கு அளிப்பது நல்ல தொண்டாகாது.

சைகை பழகினால் குழந்தை பேச்சில் சோம்பிவிடும் என்னும் எதிர்த்திசை அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. சிகாகோவைச் சேர்ந்த சூசன் கோல்டின் மெடோவும் ஜானா ஐவர்சனும் 2005இல் காட்டியதுபோல, குழந்தை முதலில் சுட்டும் பொருளின் பெயரே சில மாதங்களில் அதன் பேச்சில் வருகிறது. ‘அம்மா’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் தொப்பியைச் சுட்டி, ‘இது அம்மாவின் தொப்பி’ என்று கருத்தளவில் இரண்டு சொல் சேர்க்கும் குழந்தைதான் விரைவில் வாயாலும் இரண்டு சொல் சேர்க்கிறது. 2009இல் மெரிடித் ரோவும் கோல்டின் மெடோவும் ஐம்பது குடும்பங்களை ஆராய்ந்து, பதினான்கு மாதத்தில் குழந்தை சைகையால் குறித்த பொருள்கள் எவ்வளவு பலவோ, நான்கரை வயதில் அதன் சொல்வளமும் அவ்வளவு மிகுந்திருந்தது என்றும், வசதியுள்ள வீடுகளில் பெற்றோரும் சைகையை மிகுதியாகக் கையாண்டனர் என்றும் எழுதினர். இது வகுப்பில் கற்ற அடையாளங்களைப் பற்றிய ஆய்வன்று, வீட்டில் இயல்பாக நிகழும் சுட்டுதலைப் பற்றியது; ஆகவே பணம் கொடுத்துக் கற்கவேண்டியது எதுவும் இதில் இல்லை.

அழுகையைக் குறைப்பதில் சைகைக்குப் பங்குண்டு என்பதற்கும் சிறு அளவில் சான்று உண்டு. சில கைக்குழந்தைகளுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் படிப்படியாகச் சைகை பழக்கி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சைகை செய்தால் வேண்டியது கிடைக்கும், அழுதால் கிடைக்காது என்னும் நிலை அமைந்தபோது, அழுகையின் இடத்தைச் சைகை எடுத்துக்கொண்டது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, ஆனால் இதை வீட்டில் கண்டறியாத பெற்றோர் அரிது.

செய்ய விரும்புவோர்க்கு முறை எளியது. பெரியவர் பார்க்கும் திசையில் தானும் பார்ப்பது, கைதட்டினால் தானும் தட்ட முயல்வது ஆகியவை தோன்றும் எட்டு, ஒன்பதாம் மாதத்துக்கு முன் தொடங்குவதில் பயனில்லை. மூன்று நான்கு அடையாளங்களே போதும், அவையும் குழந்தைக்குப் பற்றுள்ளவையாக இருக்கவேண்டும். ‘பால்’ என்னும் அடையாளத்தைப் பாடமாக உட்காரவைத்துக் கற்பிப்பதைவிடப் பால் புகட்டும் ஒவ்வொரு வேளையும், சொல்லைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே, குழந்தையின் கண்முன் செய்வதே சிறந்தது. வாய்ச்சொல் ஒருபோதும் விடுபடலாகாது. குழந்தை திருப்பிச் செய்ய வாரங்கள் ஆகலாம். செய்யும்போதும் அது திருத்தமாக வராது, விரல்நுனிகளைத் தட்டவேண்டிய இடத்தில் உள்ளங்கைகளைத் தட்டும், மணிக்கட்டை அசைக்கவேண்டிய இடத்தில் தோளையே அசைக்கும். காதுகேளாதோரின் குழந்தைகளும் இதே பிழைகளைச் செய்கின்றன, ஏனெனில் உடலுக்கு அருகிலுள்ள பெரிய மூட்டுகள் விரல் மூட்டுகளுக்கு முன்பே கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. பேச்சு பெருகப் பெருக அடையாளங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒரு வயது நிறைந்தும் குழந்தை எதையும் சுட்டவோ, காட்டவோ, கையசைக்கவோ இல்லையென்றால் மட்டும், வகுப்பைத் தேடாமல் குழந்தை மருத்துவரைத் தேடவேண்டும். அது கேள்திறன் குறைவின் அல்லது வளர்ச்சித் தாமதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

விருப்பமாக அன்றித் தேவையாகவே சைகை வேண்டப்படும் குழந்தைகளும் உண்டு. டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தைகளுக்குப் புரிதல் முன்னே சென்றாலும் பேச்சு வெகுவாகத் தாமதமாவதால், வாக்கியத்தின் முக்கியச் சொற்களை மட்டும் பேச்சோடு சேர்த்துக் கையாலும் காட்டும் முறை நன்கு உதவுகிறது. பிரிட்டனில் 1970களில் உருவான மக்கட்டன் என்னும் ஏற்பாடு இந்த வகையைச் சேர்ந்தது.

காதுகேளாத குழந்தையின் நிலையே இந்த வரலாற்றின் முரண். காதுகேட்கும் குழந்தைகளுக்குச் சைகை அறிவை வளர்க்கும் என்று விற்கப்பட்ட அதே ஆண்டுகளில், காதுகேளாத குழந்தைகளின் பெற்றோர் பலர், கையைக் காட்டினால் பிள்ளை பேசாது, சைகையை வீட்டில் நுழையவிடாதீர்கள் என்று அறிவுறுத்தப்பட்டு வந்தனர். அமெரிக்கக் கணக்கின்படி காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காதுகேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அவர்களின் வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் எவரும் இருப்பதில்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேள்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது பயிற்சி என்பது மருத்துவம் வகுத்துள்ள காலவரம்பு. அது தவறும் குழந்தை, கருவி வழியாகப் பேச்சையும் பெறாமல், கை வழியாகச் சைகையையும் பெறாமல், எந்த மொழியும் இன்றியே முதல் சில ஆண்டுகளைக் கழிக்க நேர்கிறது. அவ்வாறு முதல் மொழியே தாமதமானவர்கள் பின்னர் எந்த மொழியைக் கற்றாலும் அதன் இலக்கணத்தில் தடுமாறுகின்றனர் என்பதை ரேச்சல் மேபெர்ரியின் நெடுங்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி வந்தபின் இந்த விவாதம் இன்னும் கூர்மையானது. 2017இல் ஆன் கீர்ஸ் குழுவினர் 97 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, கருவி பொருத்திய குழந்தைகளில் வீட்டில் சைகை இல்லாதவர்களே பேச்சில் முந்தினர் என்றது. அந்த வீடுகளில் காட்டப்பட்டது முழுச் சைகை மொழியா, பேச்சுக்கு இடையே செருகிய சில கையடையாளங்களா என்பது பிரிக்கப்படவில்லை என்று அதை மறுத்தவர்கள் சுட்டினர். காதுகேளாத பெற்றோரிடம் பிறப்பிலிருந்தே சைகை மொழியைப் பெற்றுப் பின்னர் கருவியும் பொருத்திக்கொண்ட குழந்தைகள், எண்ணிக்கையில் ஐவரே ஆயினும், காதுகேட்கும் ஒத்த வயதினர்க்கு இணையாக ஆங்கிலம் பேசினர் என்பது 2014இல் வெளிவந்த இன்னொரு முடிவு. சைகையே தடை என்பதைவிட, அரைகுறைச் சைகையும் பிந்திய தொடக்கமும் தடை என்று கொள்வதே இரண்டு முடிவுகளுக்கும் பொருந்துகிறது.

இந்தியாவில் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் நிறுவப்பட்டது. அது தொகுத்த காணொளி அகராதி 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நாடு முழுவதற்கும் இந்தியச் சைகை மொழியைத் தரப்படுத்தப் போவதாகச் சொல்கிறது. இவை பெரும்பாலும் பள்ளி வயதை நோக்கியவை. பள்ளி வயதுக்கு முன், காதுகேட்கும் பெற்றோர் தாமே புதிதாகக் கற்றுக்கொண்டு வீட்டில் காட்டும் சைகை, தடுமாற்றங்களோடு இருந்தாலும், போதுமானதா என்னும் கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து 2021இல் ஒரு விடை கிடைத்துள்ளது: நயோமி காசெல்லி, ஜெனி பையர்ஸ், ஏமி லீபர்மன் ஆகியோரின் ஆய்வில், ஆறு மாத வயதுக்குள் சைகை மொழியைக் காணத் தொடங்கிய காதுகேளாத குழந்தைகள், அவர்களின் பெற்றோர் காதுகேட்பவர்களாக இருந்தபோதிலும், வயதுக்கேற்ற சொல்வளத்தைப் பெற்றிருந்தனர்.